உன் அப்பா பாட்டும் நீ பாடி வைத்த பாட்டும்

அப்பு,

கவர் கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. வீட்டில் எல்லோரும் சுகம். கல்யாண வேலை எதுவும் நின்றுபோகவில்லை. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, உன் பெயரில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நிச்சயதார்த்தம் முடிந்து நீ கோயம்புத்தூர் பஸ் ஏறுகிற வரைக்கும் உன் பக்கத்திலேயே நின்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "என்னம்மா, என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டாய். "வெயில்ல அலையாத, நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொல்ல வந்தது அது இல்லை.

பொட்டிபுரத்தில் பெண் வீட்டில் அன்றைக்கு நிச்சயதார்த்தச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட்காரர் ஒரு பாட்டைப் போட்டார். எங்கள் காலத்துப் பழைய சினிமாப் பாட்டு. அதையே இப்போது யாரோ ஒரு புதுப் பையன், புது வாத்தியமெல்லாம் வைத்துத் திரும்பப் பாடியிருக்கிறான். அவ்வளவுதான், பந்தல் ரெண்டு கட்சியாகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன், "என்னதான் சொல்லு, பழசை அடிச்சுக்கிற முடியுமாய்யா? இவன் பாட்டுக்கு மேளத்தைத் தட்டிட்டாப் போதுமா?" என்றார். இளவட்டங்கள், "போங்க மாமா, பழசைக் கேட்டா கொட்டாவி வருது. இதுலதான் உசுரு இருக்கு" என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அவர் உன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாப்ளே. ரெண்டுலயும் ஒரு வரி பாடிக் காட்டுங்க. எது ஒசத்தின்னு சபை சொல்லட்டும்" என்றார். நல்ல மனுசன், ஆசையாகத்தான் கேட்டார். நீ எழுந்தாய். "கை கழுவிட்டு வர்றேன் மாமா" என்று பின்பக்கம் போய்விட்டாய். நீ கை கழுவி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் உன் முகத்தைப் பார்த்தேன் அப்பு. அது பத்து வயசில் பார்த்த முகம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் அடுப்படியில் என்னிடம் வந்து நின்றாள். "அத்தே, அவுகளுக்குப் பாட்டுன்னாலே ஆகாதாமே, நெசமா? ரேடியோ போட்டாக்கூட எந்திரிச்சுப் போயிருவாகளாமே. நான் வேலை பாக்கையில என்னத்தையாச்சும் பாடிக்கிட்டே கிடப்பேன். அது அவுகளுக்குத் தொந்தரவா இருக்குமோ? இப்பயே சொல்லிட்டா விட்டுருவேன்." கலியாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளை தன் வாயை மூடிக்கொள்ளத் தயாராகி நிற்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி, நீ பாடு" என்று சொன்னேன். உனக்கு ஏன் பாட்டு ஆகாது என்பது முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். உனக்குக்கூடத் தெரியாது. உனக்குத் தெரிந்திருப்பது நான் சொன்ன பொய்.

முதலில் இருந்தே சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை படி.

நான் சிலமலையில் இருந்தபோது விடிந்ததும் விடியாததுமாகத் தூக்குவாளியோடு ரோட்டில் வந்து நிற்போம். மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போக ஜீப்பு வரும். அந்த ஜீப்பை ஓட்டினவர்தான் உன் அப்பா. முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவர் பாடத் தொடங்குவார். அப்போது ஊரெல்லாம் பாடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டு. கதாநாயகன் நிலாவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் அந்தப் படம் பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் ரேடியோவும் இல்லை. அவர் வாயால்தான் முதல் முதலில் கேட்டேன். அவர் நிலாவையெல்லாம் எடுத்துவிட்டு வேறு வார்த்தை போட்டுப் பாடுவார்.

"சிலமலை ரோட்டுல சிவப்புச் சேலை தெரியுது,
ஜீப்பு போகச் சொன்னாலும் காலு பிரேக்கை மிதிக்குது."

ஜீப்பில் இருந்த அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என்னிடம் இருந்ததே ரெண்டு சேலை, அதில் ஒன்று சிவப்பு. அன்றைக்கு முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. மறுநாளும் அதே சிவப்பைத்தான் கட்டிக்கொண்டு போனேன். இதை உன்னிடம் சொல்ல இத்தனை வயசுக்கு அப்புறமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிலமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த உன் அத்தை, அவருடைய அக்கா, தம்பியின் பாட்டு எங்கே போய் நிற்கிறது என்று கண்டுபிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டாள். நான் போடிக்கு மருமகளாக வந்தது அந்தப் பாட்டால்தான், உன் அத்தையால்தான்.

கலியாணமான புதிதில் அந்தப் படம் மறுபடி டூரிங் கொட்டகைக்கு வந்தது. என்னை அழைத்துப் போனார். பாட்டு வந்ததும் கொட்டகையே அமைதியாகிவிட்டது. என்ன குரல் அது! எத்தனை வயலின்! நான் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, "என்ன புள்ள, பாட்டு எப்படி?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவரு உங்க பாட்டை மாத்திப் பாடிட்டாரே" என்றேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. நிலாவைப் பார்த்துப் பாடினது எனக்கு எதற்கு?

இந்த விஷயத்தில் அவரோடு சண்டை போட ஓர் ஆள் இருந்தார். உனக்குத் தெரிந்த ஜோசப் சேட்டன்தான். பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மலையாளியாக இருந்தாலும் தமிழ்ப் பாட்டென்றால் உயிர். போடிமெட்டு டீக்கடையில் ஜீப்பு நின்றதும் ரெண்டு பேருக்கும் தொடங்கிவிடும். "எடோ, அந்தப் பாட்டைக் கொல்லாதே. பாடினவரு பாடின மாதிரி பாடு. ஒரிஜினலுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்பார் சேட்டன். உன் அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "அவரு ஒரு இடத்துல நின்னு பாடுனாரு சேட்டா. நான் கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கை ஒடிச்சுக்கிட்டே பாடுறேன். வளைவுக்கு வளைவு மூச்சு மாறுது, பாட்டு மாறாதா?" என்பார். இப்படிச் சண்டை போட்ட சேட்டன்தான், துபாயில் இருந்த அவர் தம்பி டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தவுடன், முதல் கேசட்டில் உன் அப்பாவைப் பாட வைத்தார். நீ நாலாம் வகுப்பு படித்தாய். கோடை விடுமுறை, நாம் மூன்று பேரும் மலைக்குப் போயிருந்தோம். தகரக் கூரையில் மழை. "பாடு, பாடு, உன்னோட தப்புப் பாட்டையே பாடு" என்றார் சேட்டன். உன் அப்பா பாடி முடித்ததும் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். உன் அப்பாவுக்குத் தன் குரலைக் கேட்டு வெட்கம். நீ அந்தப் பெட்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவர் வாயையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாய்.

அடுத்த வருஷம், எமர்ஜென்சி முடிந்த சமயம், உன் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள். முதல் ஆறு நாள் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டோம். மதுரைக்குக் கொண்டுபோனபோது கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அதற்குமேல் அதை எழுத வேண்டாம். நீயும் கூட இருந்தாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜோசப் சேட்டன் வந்தார். டேப் ரிக்கார்டரையும் அந்தக் கேசட்டையும் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். "மோளே, இது இனி இங்கதான் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நம் வீட்டில் உன் அப்பா குரல் இருந்தது. நான் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற சோலிக்குப் போய், சொளகும் கையுமாகப் பகலெல்லாம் உட்கார்ந்து காயைப் புடைத்துப் பொறுக்கிவிட்டுச் சாயந்திரம் வந்ததும், நீயும் நானும் அந்தப் பாட்டை ஒரு தரம் போட்டுக் கேட்போம். பிறகுதான் அடுப்பு பற்ற வைப்பேன். உன் அத்தை ஒரு தடவை வந்து, "அந்தக் கேசட்டை நான் கொண்டுபோய் ஒரு வாரம் வச்சிருந்து தர்றேன்" என்று கேட்டாள். கூடப் பிறந்தவள், ஆசை இருக்காதா? நான் கொடுக்கவில்லை. "வெளிய போனா பாழாப் போயிரும் மதினி. எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்றேன். அவள் வந்த காலோடு திரும்பிப் போனாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஒருநாள் கடை விடுமுறை. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். ஜன்னல் திண்டில் டேப் ரிக்கார்டரை வைத்து, பாட்டை முதலில் இருந்து கேட்கலாம் என்று கேசட்டைச் சுற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாக்கியம், "ஏக்கா, தண்ணி வந்திருச்சு, ஓடியா" என்று கத்தினாள். அன்றைக்கெல்லாம் நம் தெருக்குழாயில் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் பொத்தானை அமுக்கிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிறுத்துகிற பொத்தான் என்றுதான் நினைத்தேன். நாலு குடம் பிடித்துவிட்டு வந்து பார்த்தால் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பொத்தான் உள்ளே போயிருக்கிறது. அது குரல் பிடிக்கிற பொத்தான். திருப்பிப் போட்டேன். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. குடம் இடிக்கிற சத்தம். பாக்கியம் யாரோடோ வரிசைக்குச் சண்டை போடுகிற சத்தம். உன் அப்பா இல்லை. கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தேன். மறுபக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

நான்தான் அழித்தேன் அப்பு. நீ இல்லை. நீ அந்தக் கேசட்டைத் தொடுவதற்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே அது போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் அத்தை என்ன சொல்வாள் என்று பயம். அதைவிட, வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். கேசட்டை டேப் ரிக்கார்டருக்குள்ளேயே விட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினேன். நீ தினம் கேட்டாய். "அம்மா, அப்பா பாட்டைப் போடும்மா." "பேட்டரிக் கட்டை தீந்துபோச்சுப்பா, அடுத்த மாசம் வாங்கலாம்." அடுத்த மாசமும் அதையே சொன்னேன். அதற்குள் முதல் வருஷத் திதி வந்துவிட்டது. சொந்தமெல்லாம் வருவார்கள், உன் அத்தை வருவாள், தம்பி பாட்டைப் போடு என்பாள். சொளகு முன்னால் உட்கார்ந்து என்ன சொல்லலாம் என்று பத்து நாளாக யோசித்தேன்.

திதிக்கு முதல் நாள் சாயந்திரம் சோலி முடிந்து வருகிறேன். தெரு முனையிலேயே பாட்டு கேட்டது. உன் அப்பா இழுக்கிற இழுப்பு. ஓடினேன். வாசலுக்கு வந்தால், நீ பாக்கியம் வீட்டு டார்ச் லைட்டில் இருந்து கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து போட்டு, டேப் ரிக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறாய். சிவப்புப் பொத்தான் உள்ளே போயிருக்கிறது. நான் உன்னை அடித்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. அழித்தது நான் என்று தெரிந்தும், "அப்பாவை அழிச்சுட்டியேடா பாவி" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே சொன்னது எனக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. "நான் போட்டதும் அப்பா வரலைம்மா. தண்ணிச் சத்தந்தான் வந்துச்சு. நான் என்னமோ தப்பா அமுக்கிட்டேன் போல. நாளைக்கு எல்லாரும் வருவாகளே, நீ அழுவியேன்னு நானே அப்பா மாதிரி பாடி வச்சுரலாம்னு பாத்தேன்."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, நீ இல்லடா, நான்தான் என்று ஒரு வார்த்தை. எனக்கு அது தோன்றவில்லை என்று நீ நினைக்கக் கூடாது. தோன்றியது. ஆனால் பத்து நாளாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் என் முன்னால் அழுதுகொண்டு நின்றது. மறுநாள் உன் அத்தை கேட்டபோது, "பையன் விளையாட்டுப் புத்தியில அழிச்சுட்டான் மதினி" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு நீ பாடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாட்டு நீதான் பாடிக்கொண்டிருந்தாய். வாத்தியார் வீட்டுக்கு வந்து, "என்னம்மா, பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். "தொண்டை சரியில்ல சார்" என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

ஒரு பொய்யை முதல் நாளில் திருத்துவது சுலபம். ஒரு வருஷம் போனால் கஷ்டம். பிறகு அது வீட்டில் ஒரு சாமான் மாதிரி ஆகிவிடுகிறது, சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிடுகிறோம். நீ நல்ல பிள்ளையாக வளர்ந்தாய். அதிர்ந்து பேச மாட்டாய், எதுவும் கேட்க மாட்டாய், நான் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. "உன் பையன் மாதிரி உண்டா" என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். அந்த அமைதி எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே பெருமையும் பட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், நீ கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் சேர்ந்த பிறகு, ஜோசப் சேட்டன் வந்தார். வேலையில் இருந்து நின்றுவிட்டு ஊரோடு போகிறேன், சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றார். டேப் ரிக்கார்டர் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். துரு தட்டி, எண்ணெய் போட்டு, அவரே கட்டை வாங்கி வந்து ஓட வைத்துவிட்டார். உள்ளே அந்தக் கேசட்டு. பத்து வருஷமாக நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. வேண்டாம் சேட்டா என்று சொல்வதற்குள் அமுக்கிவிட்டார்.

நீ பாடினாய் அப்பு. பத்து வயசுக் குரல். முதல் ரெண்டு வரி அப்படியே உன் அப்பா போட்ட வார்த்தை, அவர் இழுக்கிற இடத்தில் இழுப்பு, அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு. அடுத்த அடி உனக்கு மறந்துவிட்டது போல. கொஞ்சம் தயங்கினாய். பிறகு நீயாக ஒன்று கட்டிப் பாடியிருக்கிறாய்.

"ஏலக்கா வாசத்தோட எங்கம்மா வருவா,
வெளக்கு வைக்கும் முன்னால வெரசா வருவா."

சேட்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "இது அவனோட வரி இல்லல்லோ. பையன் சொந்தமா கெட்டியதா?" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மிண்டாதே, கேக்கட்டும்" என்று கையைக் காட்டினார். ஒரிஜினலுக்கு மேல ஒண்ணும் இல்லை என்று உன் அப்பாவோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட மனுசன். உன் வரியைக் கேட்டதும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பாட்டு அதோடு முடியவில்லை. நான் உள்ளே வந்த சத்தம் அதில் இருக்கிறது. என் கத்தல் இருக்கிறது. அடி விழுகிற சத்தம், நீ சொன்னது, எல்லாம் இருக்கிறது. சேட்டன் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்து தண்ணிச் சத்தம் மோளே? இவன் பாடுறதுக்கு முன்னாலயே பாட்டு போயிருந்ததா?"

"ஆமா சேட்டா."

"ஆரு அழிச்சது?"

"நான்தான்."

"இவனுக்கு அறியுமோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். "பத்து கொல்லம்! பத்து வருஷம்!" என்று எழுந்துவிட்டார். "ஒரு சின்னக் குட்டி தலையில பத்து கொல்லம் இதை வச்சியே" என்றார். நான் போட்டு வைத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அவனோடு சொல்லு. இல்லெங்கில் நான் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் உனக்கு எழுதவில்லை. நானே சொல்வேன் என்று நம்பியிருப்பார். நான் ரெண்டு வருஷம் சொல்லவில்லை. இதற்கும் நீ என்னை மன்னிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்குப் பந்தலில் பழசா புதுசா என்று சண்டை போட்டார்களே, அது என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. மூன்று பேர் பாடி அந்த ஒரு பாட்டை நான் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கொட்டகையில் கேட்ட பெரிய பாடகரின் குரலுக்குக் குறை சொல்ல முடியாது. உன் அப்பா அதை மாற்றிப் பாடியது எனக்கு அதைவிட ஒசத்தி, அதை யார் முன்னாலும் சொல்வேன். உன் பாட்டு உன் அப்பா பாட்டைவிட ஒசத்தியா என்று கேட்டால், உனக்குச் செய்த தப்புக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேன். குரல் அவருக்குத்தான். உனக்கு மூன்றாவது வரியில் சுருதி போய்விடுகிறது. ஆனால் அவர் பாடியது ரோட்டோரம் சிவப்புச் சேலையில் நின்ற ஒரு குமரியை. அவர் போனதோடு அவளும் போய்விட்டாள். நீ பாடியது, சொளகு பிடித்த கையோடு, உடம்பெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு, பொழுது சாயும்முன் பிள்ளையிடம் ஓடி வருகிறவளை. அவளை அதுவரைக்கும் யாரும் பாடியதில்லை. அந்தப் பாட்டைப் பாடின பிள்ளையைத்தான் அவள் ஓடி வந்து அடித்தாள். இந்த ரெண்டு வருஷமாக வாரத்துக்கு ஒரு தரம் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்கிறேன். என் கத்தல் வருவதற்கு முன்னால் நிறுத்துவதில்லை. அந்தப் பகுதியை மட்டும் அழித்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. பொத்தானில் விரல்கூட வைத்தேன். செய்யவில்லை. நீ வரும்போது முழுசாக உன் கையில் கொடுப்பேன். வைத்துக்கொள்வதும் தூர எறிவதும் உன் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போனேன். உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல உரித்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் கையில் இருந்த மொச்சையைக் கீழே வைத்தாள். பிறகு, "திதி முடிஞ்ச மறுவாரம் அவன் எங்க வீட்டுக்கு வந்தான், தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. "போடியில இருந்து தனியா நடந்தே வந்துருக்கான். வாசல்ல நின்னுக்கிட்டு, அத்தே, அப்பா பாட்டு பூராவும் எனக்குத் தெரியும், ஒனக்கு வேணும்னா நான் பாடுறேன்னான். நான் கதவைச் சாத்திட்டேன். வெயில்ல எம்புட்டு நேரம் நின்னானோ. இனி அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?" அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரெண்டு பேரும் அந்த மொச்சையை வைத்துக்கொண்டு அழுதோம். நீ இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே அப்பு. அந்த வெயிலில் திரும்பி நடந்து வந்து, அன்றைக்கு என் கையால்தான் சோறு வாங்கிச் சாப்பிட்டிருப்பாய்.

கலியாணத்தில் நீ பாட வேண்டும் என்று இதை எழுதவில்லை. பாடினாலும் சரி, பாடாவிட்டாலும் சரி. உன் வீட்டில் அந்தப் பெண் பாடட்டும், அதற்கு நீ எழுந்து போகாமல் இருந்தால் போதும். நடந்ததை அவளிடம் நீயே சொல். நான் சொன்னால் என்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி சொல்லிவிடுவேன், எனக்கு அது பழக்கமாகிவிட்டது. அவளும் நீயும் நாளைக்கு உங்கள் பிள்ளைகளிடம் தப்புச் செய்வீர்கள், செய்யாத பெற்றவர்கள் கிடையாது. அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை தூங்கப் போவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான்.

சனிக்கிழமை லீவு கிடைத்தால் வா. இல்லை, கோபம் ஆறட்டும் என்று இருந்தால் கலியாணத்துக்கு முதல் நாள் வா. வந்ததும் காலில் விழாதே, சாமான் வாங்கிக் கொடுக்காதே, பரவாயில்லைம்மா என்று சொல்லி முடித்துவிடாதே. அப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். வாசலில் நின்றே என்னைத் திட்டு. தெருவுக்குக் கேட்கிற மாதிரி, பாக்கியம் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, நல்லா சத்தமாகத் திட்டு அப்பு. நீ சத்தம் போட்டு நான் கேட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது.

உன் அம்மா